ஈயத்தகடும் பிராதும்

பண்டைக் கிரேக்கரும் உரோமரும் பகைவரை மந்திரத்தாற் பிணித்தற்கு ஈயத்தகடுகளைக் கையாண்டனர். மெல்லிய தகட்டிற் பகைவன் பெயரைப் பொறித்து, சுருட்டி, ஆணியால் துளைத்து, பிணக்குழியிலோ கிணற்றிலோ இடுதல் வழக்கம். கார்த்தேசு நகரிற் கிடைத்த தகடுகள் சில, தேரோட்டப் போட்டியில் எதிரணிக் குதிரைகளையும் பாகரையும் முடக்குமாறு ஆவிகளை ஏவுகின்றன. இடுவோன் பெரும்பாலும் தன் பெயரை மறைப்பான், காரணமுங் கூறான். நம்மவர் செய்வினை என அஞ்சுவதும் இத்தகையதே.

எனினும், சாபத்தகடுகள் யாவும் இவ்வினத்தன அல்ல. இங்கிலாந்தின் பாத் நகரிற் சூலிஸ் மினர்வா என்னுந் தெய்வத்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து, 1979, 1980ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 130 தகடுகள் எடுக்கப்பட்டன. அவை கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டு வரையின. அவற்றுட் பல களவுபற்றிய முறையீடுகள். தொசிலியானுஸ் என்பான் தன் பெயரும் தந்தை பெயருங் கூறி, தன் மேலங்கியைக் கவர்ந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் உரிமையுடையோராயினும், அதனைக் கோயிலிற் சேர்க்குமளவும் உறக்கமும் மக்கட்பேறும் பெறாதொழிக என வேண்டுகின்றான். இவ்வகையை நீதி வேண்டும் வழிபாடு என, 1991இல் ஒல்லாந்து அறிஞர் வெர்ஸ்னெல் வேறு பிரித்துக் காட்டினார்.

இதனோடு ஒப்பிடத்தக்க வழக்கொன்று தமிழகத்தில் இன்றும் நிலவுகின்றது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், பொருளை இழந்தோரும் வஞ்சிக்கப்பட்டோரும் தங் குறையைத் தாளில் எழுதி இறைவன் திருமுன் வைத்து, பின்னர் முனியப்பர் சந்நிதியிற் கட்டுவர். இதற்குப் பிராது கட்டுதல் என்று பெயர். குறை தீர்ந்தபின் இராசினாமாச் செய்து அதனை மீட்டுக்கொள்வர். இவ்விரு சொற்களும் நீதிமன்றச் சொற்களேயாம். நம் நாட்டின் சீனிகமத் தேவாலயத்தில், களவுகொடுத்தோர் மிளகாய் அரைத்துத் தேவோல் தெய்வத்திடம் முறையிடுதலும் இக்கருத்தினதே, ஆண்டு எழுத்தில்லை.

இவற்றை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குதல் எளிது. ஆயின், ஓர் அங்கியை இழந்த எளியவனுக்காகக் கள்வனைத் தேடிச்செல்லும் காவற்றுறை உரோமப் பிரித்தானியாவில் இருந்ததில்லை. மன்றத்தை அணுகும் வலியற்றோர்க்குத் தெய்வமே மன்றாயிற்று.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஐயத்தின்பேரிற் பிறரைச் சபித்தல், குற்றமற்றவரையும் ஊரார்முன் கள்வராக்கும். பாத் தகடுகள் பல கள்வனைப் பெயர் சுட்டாது விட்டு, கண்டறிதலைத் தெய்வத்தின்பாற் சார்த்தின. பொருள் மீண்டால் தண்டமும் நீங்க வழிவைத்தன. பிராதோ, இராசினாமாவினால் முறையிட்டவரே பகையை முடித்துக்கொள்ள இடந்தருகின்றது. செய்வினை பகைவனின் அழிவையே வேண்டும்; முறையீடு இழந்ததை வேண்டும். இவ்வேறுபாட்டை உணராதார் ஈயத்தகடு அனைத்தையும் சூனியம் என்றே கொள்வர்.