தங்கவயலின் தாகம் தீர்த்த பேத்தமங்களா

கோலார் தங்கவயலில் தங்கத்துக்குப் பஞ்சம் வந்தது பிற்காலத்தில்தான். தண்ணீர்ப் பஞ்சமோ ஆரம்பத்திலேயே இருந்தது!

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கம் தோண்ட வந்தார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து 'லைன்' வீடுகளில் குடியேறினார்கள். 1902-ல் சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரமே வந்துவிட்டது. குடிக்கத் தண்ணீர்?

அதற்குக் கைகொடுத்தது சுமார் 10 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள பேத்தமங்களா ஏரி. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு இங்கே ஏரியாகத் தேங்கி நிற்கிறது. கல்வெட்டுகளில் இவ்வூருக்கு 'விஜயாதித்ய மங்கலம்' என்று பெயர். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்து, குழாய் வழியே தங்கவயலுக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அங்குள்ள கல்கூர்லி தங்கச் சுரங்க நகருக்கு 500 கிலோ மீட்டருக்கு மேல் குழாய் போட்டு 1903-ல் தண்ணீர் கொண்டு போனார்கள். அந்தக் குழாய்ப் பாதையைப் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். நம்மவர்களில் எத்தனை பேர் பேத்தமங்களாவைப் பார்த்திருக்கிறோம்?

இன்னொரு வேடிக்கை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள், சொந்த ஊரில் ஓடிய அதே பாலாற்றைத்தான் இங்கே குழாயடியில் குடம் வைத்துப் பிடித்தார்கள். மொத்தம் 348 கிலோ மீட்டர் ஓடும் ஆற்றில் 222 கிலோ மீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் மணல்தான். மேலே தேக்குகிறார்கள் என்று ஊரில் உள்ள அண்ணன் குறைப்பட்டுக்கொள்வார். தேக்கியதைக் குடித்தவர் தங்கவயல் தம்பி! யாரை நோவது?

பூமிக்கடியில் பாறை 60 டிகிரிக்கு மேல் சுடும். அந்த வெக்கையில் 'ஷிப்ட்' முடித்து மேலே வருகிறவனுக்கு அந்தக் குழாய்த் தண்ணீரின் அருமை தெரியும்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு விடியற்காலையில் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு திரும்புவதே பலருக்கு வாழ்க்கையாகிவிட்டது. ஏரியை நினைக்க ஏது நேரம்?

ஏரியே நினைவூட்டியது. 2021 நவம்பர் மழையில் நிரம்பி வழிந்தது. தங்கவயல் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வேடிக்கை பார்க்கத் திரண்டார்கள். கீழே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாலாறு இருகரை தொட்டு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இருந்து போகிறவர்கள் பங்காரப்பேட்டை வழியாகத் தங்கவயலுக்கு ரயிலிலேயே போகலாம். அங்கிருந்து பேத்தமங்களா பக்கம்தான். விஜயேந்திர சுவாமி கோயிலைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைக்குப் போங்கள். கட்டுச்சோறு கொண்டு போவது நல்லது.