வெண்புள்ளி நோய் (நன்னீர் மீன்கள்)

வெண்புள்ளி நோய் என்பது நன்னீர் மீன்களைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி நோய் ஆகும். இக்தியோப்தீரியசு மல்ட்டிஃபிலிசு எனும் ஒற்றைக்கல உயிரி இதனை உண்டாக்குகிறது. இவ்வுயிரி 1876 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது.

அறிகுறிகள்

உடலிலும் துடுப்புகளிலும் உப்புத்தூள் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். மீன்கள் கற்களில் உடலை உரசும். செவுள்கள் பாதிக்கப்பட்டால் மூச்சுத்திணறி இறக்கக்கூடும்.

வாழ்க்கை வட்டம்

மீனின் தோலுக்கடியில் வளரும் ஒட்டுண்ணி, முதிர்ந்தபின் உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு அமைத்துப் பலவாகப் பிரிகிறது. ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான இளம் உயிரிகள் வெளியேறும். இவை ஏறத்தாழ 2 நாட்களுக்குள் ஒரு மீனை அடையாவிட்டால் இறந்துவிடும். 25 பாகை செல்சியசில் இவ்வட்டம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் நீளும்.

சிகிச்சை

மாலகைட்டு பச்சை, ஃபார்மலின், உப்பு ஆகியன பயன்படுகின்றன. இவை நீந்தும் இளம் உயிரிகளையே கொல்கின்றன. தோலுக்கடியிலும் கூட்டினுள்ளும் உள்ளவை தப்பிவிடும். ஆகையால் புள்ளிகள் மறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். சமவெளியை விடக் குளிர்ந்த, கல்வராயன் மலையின் வெள்ளிமலை போன்ற ஊர்களில் சிகிச்சை மேலும் சில நாட்கள் தேவைப்படலாம். மருந்திடும்போது வடிகட்டியிலுள்ள கரியை நீக்க வேண்டும். இல்லையேல் அது மருந்தை உறிஞ்சிவிடும். உணவு மீன்களுக்கு மாலகைட்டு பச்சை பல நாடுகளில் தடை செய்யப்பட்டுள்ளது.

தடுப்பு

நோய் பெரும்பாலும் புதிய மீன்கள் வழியாகவே தொட்டியை அடைகிறது. சென்னை கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் வாங்கும் மீன்களைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்தபின் சேர்ப்பது நன்று.