களாக்காயா, பலாக்காயா?

"வரப்போகும் பலாக்காயைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல்" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். களாக்காய் சிறியதுதான்; ஆனால் அது நம் கையில் இருக்கிறது. பலாக்காய் பெரியதுதான், ஆனால் அது பழுக்குமா, நமக்குக் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

பழமொழி எப்போதும் சரியாக இருக்குமா? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? முடியும். அப்படிக் கணக்குப் பார்த்தே ஆகவேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள் அமெரிக்காவின் பேஸ்பால் கழகங்களை நடத்துகிறவர்கள். அவர்கள் கதை வழியாகவே இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்வோம், வாருங்கள்.

ஆட்டமும் பண்டமாற்றும்

பேஸ்பால் ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர். கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்து வீச, எதிரணியைச் சேர்ந்தவர் மட்டையால் அடிக்கிறார். வீச்சாளருக்கும் மட்டைக்காரருக்கும் இடையே சுமார் 18 மீட்டர் தூரம். அணியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் வீச்சாளரின் கையில்தான். ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும் என்றால், நல்ல வீச்சாளரின் அருமையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பெரிய கழகம் ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகப் பல சிறிய அணிகள் உண்டு. பள்ளி, கல்லூரி முடித்த இளைஞர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஒவ்வொரு படியாக ஏறி, தகுதியுள்ளவர்கள் பெரிய அணிக்கு வருகிறார்கள். பலர் வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். மேலே வந்த இளைஞர் பொதுவாக 6 ஆண்டுகள் பெரிய அணியில் ஆடி முடிக்கும்வரை அந்தக் கழகத்துக்கே உரியவர். முதல் ஆண்டுகளில் அவர் சம்பளமும் குறைவு. ஆகவே, நன்றாக விளைந்த ஓர் இளைஞர் கழகத்துக்குப் பெரும் புதையல்.

இந்த விளையாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கழகம் தன் வீரரை இன்னொரு கழகத்துக்குக் கொடுத்து, அங்கிருந்து வேறு வீரரைப் பெறலாம். நம் கிராமங்களில் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய பண்டமாற்றுப் போலத்தான் இதுவும். பருவத்தின் நடுவில் வெற்றிக்கு அருகில் நிற்கும் அணி, "நாளை விளையப்போகும்" இளைஞரைக் கொடுத்து, "இன்றே ஆடக்கூடிய" அனுபவசாலியை வாங்குகிறது. வெற்றி வாய்ப்பை இழந்த அணியோ அனுபவசாலியைக் கொடுத்துவிட்டு இளைஞரை வாங்குகிறது. ஒருவருக்குக் களாக்காய், மற்றவருக்குப் பலாக்காய்!

1987, ஆகஸ்ட் 12

அந்த ஆண்டு டெட்ராய்ட் டைகர்ஸ் அணி தன் பிரிவில் முதலிடத்துக்காக டொராண்டோ, நியூயார்க் அணிகளோடு கடுமையாகப் போட்டியிட்டுக் கொண்டிருந்தது. அக்காலத்தில் பிரிவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகமுடியும். இரண்டாம் இடத்துக்குப் பயனே இல்லை. டெட்ராய்ட் அணிக்கு உடனடியாக ஒரு நல்ல வீச்சாளர் தேவைப்பட்டார்.

அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் டாயில் அலெக்சாண்டர் என்ற வீச்சாளர் இருந்தார். வயது 36. அவருக்கு ஈடாக அட்லாண்டா பெற்றது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயது இளைஞரை. ஸ்மோல்ட்ஸ் டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து, டைகர்ஸ் அணியின் ரசிகராக வளர்ந்தவர். 1985-ல் நடந்த வீரர் தேர்வில் 22-வது சுற்றில்தான் டெட்ராய்ட் அவர் பெயரைச் சொன்னது. 1987-ல் சிறிய அணி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த அவர் 4 ஆட்டங்களில் வென்று, 10-ல் தோற்றிருந்தார். 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.68 ஓட்டங்கள் கொடுத்திருந்தார். இது நல்ல கணக்கல்ல.

பிறகு நடந்தது என்ன? அலெக்சாண்டர் டெட்ராய்ட் அணிக்காக அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்களைத் தொடங்கினார். 9 வெற்றிகள், ஒரு தோல்விகூட இல்லை. அவர் கொடுத்த ஓட்டங்கள் 9 இன்னிங்ஸுக்குச் சராசரி 1.53 மட்டுமே. பருவத்தின் கடைசி நாளில், டொராண்டோவை 1-0 என வென்று டெட்ராய்ட் முதலிடம் பெற்றது. டெட்ராய்டுக்கு 98 வெற்றிகள், டொராண்டோவுக்கு 96. வித்தியாசம் இரண்டே ஆட்டங்கள்!

ஆனால் அடுத்த சுற்றில் மின்னசோட்டா ட்வின்ஸ் அணியிடம் டெட்ராய்ட் 4-1 என்ற கணக்கில் தோற்றது. அலெக்சாண்டர் ஆடிய இரண்டு ஆட்டங்களும் தோல்வி. 1989-ம் ஆண்டுப் பருவத்தோடு அவரது ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

ஸ்மோல்ட்ஸ்? அட்லாண்டா அணிக்காக 2008 வரை ஆடினார். 1995-ல் அந்த அணி உலகத் தொடரை வென்றபோது அதில் இருந்தார். 1996-ல் தம் லீகின் சிறந்த வீச்சாளருக்கான பரிசைப் பெற்றார். மொத்தம் 213 வெற்றிகள். 2015-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். டெட்ராய்டோ 1987-க்குப் பிறகு 2006 வரை அந்த இறுதிச் சுற்றுகளின் பக்கமே வரமுடியவில்லை.

"பலாக்காயைக் கொடுத்துக் களாக்காய் வாங்கிய ஏமாளிகள்!" என்று நீங்கள் சொல்லக்கூடும். அவசரப்படாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

பத்துச் சீட்டுகள்

பத்துத் துண்டுக் காகிதங்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஐந்தில் 0 என்று எழுதுங்கள். மூன்றில் 5, ஒன்றில் 20, ஒன்றில் 60 என்று எழுதுங்கள். இவை இளம் வீரர் ஒருவரின் பத்து வகையான எதிர்காலங்கள். 0 என்பவர் பெரிய அணிக்கே வராதவர். 5 என்பவர் சாதாரண வீரர். 20 நல்ல வீரர். 60 என்பவர் ஸ்மோல்ட்ஸ் போன்ற மேதை. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை; எந்தக் கழகத்தின் கணக்கும் அல்ல.) அனுபவசாலியின் மதிப்பு நிச்சயமாக 8 என்று கொள்வோம்.

சீட்டுகளை மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். எட்டைவிடப் பெரிய எண் வரும் நிகழ்தகவு என்ன? பத்தில் இரண்டு. அதாவது, பத்தில் எட்டு முறை அனுபவசாலியை வாங்கியவரே வெல்வார். அப்படியானால் பழமொழி சரிதான் என்று தோன்றுகிறது அல்லவா?

இப்போது சராசரியைப் பாருங்கள். பத்துச் சீட்டுகளின் கூட்டுத்தொகை 0 + 15 + 20 + 60 = 95. பத்தால் வகுத்தால் 9.5. இதைக் கணிதத்தில் 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்பார்கள். இது எட்டைவிடப் பெரியது! எண்ணற்ற முறை இந்த ஆட்டத்தை ஆடினால், இளைஞரை வைத்துக்கொண்டவரே முடிவில் அதிகம் சேர்த்திருப்பார்.

எவ்வளவு விசித்திரம் பாருங்கள்! பெரும்பாலான முறை வெல்வது ஒருவர். மொத்தத்தில் அதிகம் சேர்ப்பது மற்றவர். காரணம், அந்த 9.5-ல் 6 பங்கு ஒரே ஒரு சீட்டிலிருந்து வருகிறது. அந்தச் சீட்டு வரும்வரை பொறுத்திருக்க முடிகிறவருக்கே இந்தச் சராசரி பயன்படும்.

பொறுத்திருப்பது எளிதா? ஒரே முறை எடுத்தால் 60 வராமல் போகும் வாய்ப்பு 90 சதவீதம். ஒவ்வொரு முறையும் சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, பத்து முறை எடுத்தால்கூட 60 ஒருமுறையும் வராமல் போகும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம். அதனால்தான் கழகங்கள் ஒரே இளைஞரை நம்பியிருப்பதில்லை, பலரை வளர்க்கின்றன. தோப்பில் நூறு மரம் உள்ளவர் ஒரு மரம் காய்க்கவில்லையே என்று கலங்குவதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 60 என்ற எண்ணை 40 என்று மாற்றிச் சராசரி காணுங்கள். 7.5 வரும். இப்போது அனுபவசாலியே மேல்! நம் ஊகத்தில் சிறு மாற்றம், முடிவோ தலைகீழ். இளைஞர்களைப் பார்த்து மதிப்பிடுவதற்கென்றே கழகங்கள் ஆட்களை வைத்து ஊர் ஊராக அனுப்புவதன் காரணம் இதுதான்.

முப்பத்தைந்து மதிப்பெண்

கணக்கு இத்துடன் முடியவில்லை. தேர்வில் தேற 35 மதிப்பெண் வேண்டும். 12 மதிப்பெண் எடுத்த மாணவனுக்குக் கூடுதலாக 3 கிடைத்தால் என்ன பயன்? ஒன்றுமில்லை. 80 எடுத்தவனுக்கும் தேர்ச்சியைப் பொறுத்தவரை மாற்றமில்லை. ஆனால் 33 எடுத்தவனுக்கு? அந்த மூன்று மதிப்பெண் ஓர் ஆண்டையே காப்பாற்றிவிடும்!

அதே 3, ஆனால் அதன் மதிப்பு நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கடைசி இடத்தில் உள்ள அணிக்கு மூன்று கூடுதல் வெற்றிகளால் பயனில்லை. வாசற்படியில் நிற்கும் அணிக்கோ அவை பொன். 1987-ல் அலெக்சாண்டர் வென்ற 9 ஆட்டங்களில் மூன்றில் டெட்ராய்ட் தோற்றிருந்தால், 95 வெற்றிகளுடன் டொராண்டோவுக்குக் கீழே போயிருக்கும். ஆகவே டெட்ராய்டுக்கு அன்று 8 என்பது வெறும் 8 அல்ல. அதைவிடப் பல மடங்கு.

சிக்காகோ கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு உலகத் தொடரை வென்றதே இல்லை. 2016-ல் வலிமையான அணி அமைந்தது. அந்த ஜூலையில், க்ளெய்பர் டோரஸ் என்ற 19 வயது இளைஞரையும் வேறு மூவரையும் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்து, அரோல்டிஸ் சாப்மன் என்ற அதிவேக வீச்சாளரை வாங்கியது. சில மாதங்களுக்கு மட்டுமே அவர் கிடைப்பார் என்று தெரிந்தேதான் வாங்கியது. அந்த ஆண்டு கப்ஸ் உலகத் தொடரை வென்றது. 108 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. டோரஸ் பின்னர் சிறந்த வீரரானார். இருந்தும் கப்ஸ் ரசிகர்கள் எத்தனை பேர் அதற்காக வருந்துவார்கள்?

நினைவின் தந்திரம்

இளைஞரைக் கொடுத்து ஏமாந்த கதைகள் மட்டும் நம் காதில் அதிகம் விழுவது ஏன்? கொடுக்கப்பட்ட இளைஞர் மேதையானால் ஊரெல்லாம் பேசும். காணாமல் போனால் யாரும் பேசமாட்டார்கள். பத்துச் சீட்டில் 60 மட்டும் நினைவில் நிற்கிறது. ஐந்து பூஜ்யங்கள் மறந்துபோகின்றன.

1991-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி நாட்டிலேயே முதல் வீரராகத் தேர்ந்தெடுத்தது பிரையன் டெய்லர் என்ற வீச்சாளரை. ஒப்பந்தத் தொகை 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர். 1993 டிசம்பரில் அவர் தோளில் பலத்த காயம் பட்டது. பெரிய அணிக்காக ஒரு பந்துகூட அவர் வீசவில்லை. முதல்வராக எடுக்கப்பட்டவர் இப்படி; 22-வது சுற்றில் எடுக்கப்பட்டவர் புகழ் மண்டபத்தில்!

டெட்ராய்டின் கதையிலும் மறுபக்கம் உண்டு. 2007 டிசம்பரில் அதே கழகம் ஆறு இளம் வீரர்களை ஃப்ளோரிடா மார்லின்ஸ் அணிக்குக் கொடுத்து, மிகேல் கப்ரேரா என்ற மட்டைக்காரரையும் இன்னொரு வீச்சாளரையும் வாங்கியது. அந்த ஆறு பேரில் இருவர் நாடறிந்த நம்பிக்கை நட்சத்திரங்கள். ஆனால் ஆறு பேரில் ஒருவர்கூடக் கப்ரேராவுக்கு ஈடாகவில்லை. கப்ரேராவோ 2012-ல் அடிச் சராசரி, ஹோம் ரன், ஓட்டம் சேர்த்தல் ஆகிய மூன்றிலும் தம் லீகில் முதலிடம் பெற்றார். 1967-க்குப் பிறகு யாரும் செய்யாத சாதனை அது. 1987-ல் கைவிட்டுப் போனது, 2007-ல் கைக்கு வந்தது!

தீர்ப்பு என்ன?

ஒருவன் இரு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடக்கிறான். பத்திரமாகப் போய்ச் சேருகிறான். அவன் செய்தது சரியா? விளைவு நல்லது, முடிவு கெட்டது. இன்னொருவன் நன்றாகப் படித்துத் தேர்வு எழுதுகிறான். அன்று பார்த்துக் காய்ச்சல். விளைவு கெட்டது, ஆனால் அவன் படித்தது தவறாகிவிடுமா?

ஒரு முடிவை எடைபோட வேண்டுமானால், முடிவெடுத்த நாளில் என்ன தெரிந்திருந்தது என்று கேட்கவேண்டும். பிறகு என்ன நடந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. 1987 ஆகஸ்டில் டெட்ராய்டுக்குத் தெரிந்தது, தோல்விகள் மிகுந்த 20 வயது இளைஞரும், இரண்டு மாதத்தில் முடியப்போகும் போட்டியும்தான். 2015-ம் ஆண்டின் புகழ் மண்டபம் அன்று யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அவர்கள் கொடுத்த விலை பெரிதுதான். ஆனால் அவர்கள் மூடர்கள் அல்லர்.

பழமொழியைப் பற்றி இப்போது என்ன சொல்வீர்கள்? பசி வயிற்றைக் கிள்ளும்போது களாக்காய் மேல். தோப்பும் பொறுமையும் இருந்தால் பலாக்காய்க்குக் காத்திருக்கலாம். இரண்டில் நாம் எங்கே நிற்கிறோம் என்று அறிவதுதான் கடினம்.

அந்தப் பத்துச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். நண்பர் ஒருவரை அழைத்து, அவருக்கு ஒவ்வொரு முறையும் 8 கொடுத்துவிட்டு, நீங்கள் சீட்டு எடுத்து, முப்பது முறை ஆடிப் பாருங்கள். எத்தனை முறை அவர் வென்றார், மொத்தத்தில் யார் அதிகம் சேர்த்தார் என்று இரண்டையும் தனித்தனியே எழுதி வையுங்கள். பிறகு ஆட்டத்தை மூன்றே முறையோடு நிறுத்திப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் உங்கள் பொறுமை தளர்கிறது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். பேஸ்பால் கழகத்தை நடத்துகிறவரின் கவலை அப்போது உங்களுக்கு நன்றாகப் புரியும்.