பழைய சைக்கிளுக்கு உயிர் கொடுங்க... உங்க உடம்பும் தேறும்!

மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ரூமுக்குப் பின்னால், மொட்டைமாடி மூலையில்... உங்கள் வீட்டில் எங்கேயாவது ஒரு பழைய சைக்கிள் தூசி படிந்து நிற்கிறதா? 'பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக் கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

டாக்டர் 'உடம்பை அசைங்க' என்று சொன்னதும் அவசரமாக எக்ஸர்சைஸ் சைக்கிள் வாங்கி, மூன்றே மாதத்தில் அதில் துண்டு காயப்போடும் வீடுகள் எத்தனை! ஆனால் தன் கையாலேயே பிரித்து, துடைத்து, பூட்டிய வண்டியை யாரும் அப்படி மூலையில் விட்டுவிட மாட்டார்கள். ரிட்டயரான அப்பாவுக்கும் லீவில் இருக்கும் பையனுக்கும் சேர்ந்து செய்ய இதைவிட நல்ல வேலை கிடையாது. தேவை, நாலைந்து ஸ்பேனர், கொஞ்சம் கிரீஸ், பழைய துணி. கூடவே ஒரு சாதாரண கேமரா. விலை உயர்ந்ததெல்லாம் வேண்டாம், கையிலிருக்கும் செல்போனே போதும்.

'கேமரா எதுக்கு?' என்கிறீர்களா? சொல்கிறோம்.

முதலில் படம், அப்புறம் ஸ்பேனர்!

சைக்கிளைப் பிரிப்பது சுலபம். திருப்பிப் பூட்டும்போதுதான் 'இந்த வாஷர் எங்கே இருந்துச்சு?' என்று முழிப்போம். அதனால் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் எடுங்கள். கழற்றியதை ஒரு வெள்ளைத் துணியில் அதே வரிசையில் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். முக்கியமாக, பால்ரஸ் குண்டுகள். பழைய வண்டிகளில் பின் சக்கரக் குண்டு கால் அங்குலம், முன் சக்கரத்தில் அதைவிடச் சின்னது. கலந்துவிட்டால் சக்கரம் இறுகும், அல்லது ஆடும்.

ரொம்பக் கிட்டே போனால் சாதாரண கேமராவில் படம் மங்கிவிடும். ஒன்றரை அடி தள்ளி எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளெழுத்துக்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஃப்ரேமில் மயிர்க்கோடு போன்ற விரிசல் இருந்தால்கூட பெரிதாக்கிய படம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு சின்ன ரகசியம்... இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கமாக இருக்கும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, பின் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பெடலும் கழலும்.

எது நம் வேலை, எது கடைக்காரர் வேலை?

துடைப்பது, துரு எடுப்பது, கிரீஸ் வைப்பது, செயின், பிரேக் கட்டை, டயர், டியூப் மாற்றுவது எல்லாம் வீட்டிலேயே செய்யலாம். சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, பெடல் கட்டையின் காட்டர் பின்னை அடித்து எடுப்பது, வளைந்த ஃபோர்க், விரிசல் விட்ட ஃப்ரேம்... இவற்றைத் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய பெரிய வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகள் இருக்கும். நம் எடையில் பெரும்பங்கு பின்னால்தான் விழுகிறது என்பதால் அந்த எட்டு கம்பி கூடுதல். அவற்றை ஒரே சீராக இழுத்துக் கட்டுவது அனுபவக் கைக்குத்தான் வரும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தேய்ந்த கட்டையோடு ரோட்டில் இறங்கக் கூடாது. இறங்கவே கூடாது!

கை பத்திரம், குழந்தை பத்திரம்

* குந்தி உட்கார வேண்டாம். மனையோ ஸ்டூலோ போட்டுக் கொள்ளுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து முதுகை நிமிர்த்துங்கள்.

* செயினைக் கையால் சுற்றும்போது விரல் பல்சக்கரத்தில் மாட்டிக் கொள்ளலாம். துணியைச் சுற்றிப் பிடிப்பது இன்னும் ஆபத்து, துணியோடு விரலையும் இழுத்துவிடும்.

* மண்ணெண்ணெயில் கழுவினால் திறந்த வெளியில், அடுப்பு, விளக்கு இல்லாத இடத்தில் கழுவுங்கள். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* 'துரு குத்தினால் டெட்டனஸ்' என்பார்கள். துருவால் அது வருவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருகிறது. அழுக்கான இரும்பு ஆழமாகக் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள். கடைசி ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு ஒரு போட்டோ!

வண்டி தயார். இப்போதுதான் கேமராவுக்கு நிஜமான வேலை. சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடல் கீழே இருக்கட்டும், பாதத்தின் முன்பகுதி அதன் மேல் இருக்கட்டும். வீட்டில் யாரையாவது பக்கவாட்டில், உங்கள் முழங்கால் உயரத்தில் கேமராவைப் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

படத்தில் கால் விறைப்பாக இருக்கிறதா? சீட் உயரம் அதிகம். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். கால் நன்றாக மடங்கியிருக்கிறதா? சீட் தாழ்வு. முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். லேசாக, சுமார் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் சரியான அளவு. 'சைக்கிள் ஓட்டினா முட்டி வலிக்குது' என்று விட்டுவிட்டவர்களில் பலருக்கு வேண்டியது மாத்திரை அல்ல, ஒரு ஸ்பேனர்தான்! ஆனால் சீட்டை உயர்த்தும்போது, சீட்டுக் கம்பி குறைந்தது இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். அவ்வளவுதான்! உடல் எடையைச் சீட் தாங்கிக் கொள்வதால், நடக்க முடியாத சில முட்டிகள்கூட இதற்கு ஒத்துழைக்கும். முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். இதய நோய், தலைசுற்றல், மூட்டு ஆபரேஷன் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கடைசியாக ஒரு 'கல்யாண போட்டோ'

உழைத்துச் செய்த வண்டியை அழகாகப் படம் எடுக்க வேண்டாமா? காலை எட்டு மணிக்குள், நிழலான இடத்தில், வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள். செயின் இருக்கும் பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். நின்று கொண்டு எடுக்காமல் குனிந்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவான உயரத்தில் கேமராவைப் பிடியுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், நிக்கல் முலாமில் பளீரென்று அடித்துப் படம் கெட்டுவிடும். லென்ஸைத் துடைத்தீர்களா? கிரீஸ் கை பட்டிருக்கும்!

இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1892-ல் சைக்கிள் கடை வைத்து, 1896 முதல் சொந்தமாகச் சைக்கிள் செய்த அண்ணன் தம்பி இருவருக்கு போட்டோ பிடிப்பதும் பொழுதுபோக்கு. தாங்கள் செய்து பார்த்ததையெல்லாம் படம் எடுத்து வைத்தார்கள். 1903 டிசம்பர் 17-ல் அவர்கள் செய்த விமானம் தரையைவிட்டு எழும்பிய படமும் அவர்களுடைய கேமராவில்தான் பதிவானது. ஆமாம், ரைட் சகோதரர்கள்தான்!

நம் வண்டி பறக்க வேண்டாம். அப்பாவை ஏற்றிக்கொண்டு தினமும் மார்க்கெட் வரை போய் வந்தால் போதாதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே தூசி தட்டுங்களேன்... முதல் படம் எடுக்க மறந்துடாதீங்க!