கியரில்லா வண்டி: வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள்



இருசக்கர வண்டி என்றாலே அது ஆண்களுக்குரியது என்று நம் இல்லங்களில் கருதப்பட்ட காலம் மலையேறிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கும் மதரஸாவிற்கும் கொண்டு விடுவது, முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, கடைகண்ணிக்குச் சென்று வருவது என அன்றாட அலுவல்கள் பலவற்றை இன்று பெண்களே கவனிக்கின்றனர். குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் பணிபுரியும் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவ்வீடுகளுக்கு உற்ற துணையாக அமைந்திருப்பது கியரில்லா ஸ்கூட்டர்.

முன்பெல்லாம் ஸ்கூட்டர் என்றால், இடக்கைப் பிடியைத் திருகிக் கியர் மாற்றும் பஜாஜ் சேத்தக் போன்ற வண்டிகளே நினைவுக்கு வரும். 1980-களில் வந்த கைனெட்டிக் ஹோண்டா அந்தச் சிரமத்தை நீக்கியது. 2001-ஆம் ஆண்டில் அறிமுகமான ஹோண்டா ஆக்டிவாவுக்குப் பின்னர் கியரில்லா வண்டி ஊர்தோறும் பரவிற்று.

இடக்கையில் இருப்பது என்ன?

இவ்வண்டியில் எஞ்சினை ஒட்டி ஒரு கப்பியும், பின்சக்கரத்தை ஒட்டி மற்றொரு கப்பியும் உள்ளன. இரண்டையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. எஞ்சினின் வேகம் கூடும்போது முன் கப்பியினுள் இருக்கும் உருளைகள் வெளிப்புறம் நகர்ந்து, பெல்ட் சுற்றும் விட்டத்தை மாற்றுகின்றன. கியர் மாற்றும் வேலை இவ்வாறு தானாகவே நடைபெறுகிறது. கிளட்சும் எஞ்சினின் வேகத்திற்கேற்பத் தானே பற்றிக்கொள்கிறது, தானே விடுவித்துக்கொள்கிறது.

ஆகவே, மோட்டார் சைக்கிளில் கிளட்ச் இருக்கும் இடத்தில் இதில் பிரேக் இருக்கிறது. பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர், பழக்க தோஷத்தால் இடக்கைப் பிடியைச் சட்டென்று அழுத்தினால் வண்டி திடுமென நின்றுவிடும். ஏப்ரல் 2019 முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் கூட்டுப் பிரேக்கோ ஏ.பி.எஸ். வசதியோ இருத்தல் கட்டாயம். கூட்டுப் பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடப்பிடியை அழுத்தினாலே இரு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கும்.

ஓட்டிப் பார்க்க வேண்டியவர் யார்?

கடைக்குச் சென்று வண்டியை ஓட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் வீட்டின் ஆண்மகனே. நாள்தோறும் ஓட்டப்போகிறவரோ அவருடைய மனைவி, அல்லது மகள். இது சரியன்று. ஓட்டுநர் உரிமம் பெற்ற அப்பெண்மணியே, தாம் வழக்கமாக அணியும் உடையிலும் காலணியிலும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

அமர்ந்த நிலையில் இரு பாதங்களும் தரையில் நன்கு ஊன்றுகின்றனவா? இவ்வண்டிகளின் எடை 100 கிலோவை ஒட்டியே இருக்கும். பிறர் உதவியின்றி நடு ஸ்டாண்டில் நிறுத்த முடிகிறதா? குறுகிய தெருவில் மெதுவாகத் திருப்ப முடிகிறதா? ஒருவரைப் பின்னால் அமர்த்திய பிறகும் பிரேக் நன்கு பிடிக்கிறதா? ஸ்கூட்டரின் சக்கரம் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைவிடச் சிறியது. எனவே பள்ளங்களில் அதிர்வு மிகும். உங்கள் தெருவைப் போன்றதொரு சாலையிலும் ஓட்டிப் பாருங்கள்.

உடையும் தலைக்கவசமும்

பின்சக்கரத்தில் துணி சிக்காதிருக்க, அதன் பாதியளவேனும் மறைக்கும் காப்பு இருத்தல் வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகுக்காக அதனைக் கழற்றிவிடாதீர்கள். காப்பு இருப்பினும், பர்தா, துப்பட்டி, சேலை ஆகியவற்றின் தொங்கும் முனைகளை மடக்கி, அமருமிடத்தில் இறுக்கி வைத்த பின்னரே புறப்படுங்கள்.

தலைக்கவசம் வாங்கும்போது முக்காட்டுடனேயே அணிந்து அளவு பாருங்கள். வெறும் தலைக்கு எடுத்தது முக்காட்டின்மீது சரிவரப் பொருந்தாது. நான்கு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் தலைக்கவசம் கட்டாயம். அதற்குட்பட்ட குழந்தைகளுக்குத் தலைக்கவசத்துடன் ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. 2022-இல் அறிவிக்கப்பட்ட விதி இது.

பெற்றோர் மறவாதிருக்க வேண்டியது

மோட்டார் சைக்கிளை நியூட்ரலில் வைத்துவிட்டால், கைப்பிடியைத் திருகினாலும் வண்டி நகராது. கியரில்லா ஸ்கூட்டரில் அந்த நிலை இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், முன்னால் நிற்கும் குழந்தை வலக்கைப் பிடியைத் திருகிவிட்டால் வண்டி பாய்ந்துவிடும். வாசலில் நிறுத்திப் பையை எடுக்க உள்ளே செல்லும் அரை நிமிடம் போதும், விபரீதம் நிகழ! ஆதலால் பிள்ளைகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டின் சட்டமாகவே ஆக்கிவிடுங்கள்.

ஏற்காடு போன்ற மலைப்பாதைகளில் இறங்கும்போதும் கவனம் தேவை. வேகத்தைக் கட்டுப்படுத்தக் குறைந்த கியருக்கு மாற்றும் வசதி இதில் இல்லை. எனவே, தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்குவதே நலம்.

வாங்கிய பின்னர்

எரிபொருள் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 13 லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பெட்ரோல் வேண்டும். 60 கொடுக்கும் மோட்டார் சைக்கிளுக்கு 10 லிட்டர் போதும். மூன்று லிட்டரே மிகுதி. வீட்டில் இருவரும் ஓட்ட முடிகின்ற வசதிக்கு இந்தச் செலவு தகுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பேட்டரி செயலிழந்தால் இதனைத் தள்ளி ஓட வைக்க இயலாது. ஆகையால் உதைத்து இயக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பெல்ட் நாளடைவில் தேயும். நடுவழியில் அறுந்தால் எஞ்சின் ஓடினும் வண்டி நகராது. கையேட்டில் குறித்த தூரம் வந்ததும் அதனை மாற்றிவிடுங்கள்.

நிறத்தையும் விலையையும் பார்க்க எல்லோருக்கும் தெரியும். ஓட்டப்போகிறவரின் கால் தரையில் ஊன்றுகிறதா, கை பிரேக்கை அறிந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அந்த வண்டியில் செல்லவிருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள்.