சூளை வேண்டாத களிமண்

ஜெர்மனியில் துணிப் பொம்மைகளால் புகழ் பெற்ற கேதே குரூஸே அம்மையாரின் புதல்வி ஸோபி. வீட்டில் அவரை ஃபீஃபீ என்றே அழைப்பர். 1939-ஆம் ஆண்டில் பொம்மைகளுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் அரிதாயின. அப்போது மாற்றாகக் கிடைத்த ஒருவகைப் பிளாஸ்டிக் பிசைபொருள் அன்னையாரின் தொழிலுக்கு ஒவ்வவில்லை. அதைப் புதல்வியிடம் தந்துவிட்டார். அவரோ அதைக் கொண்டு உருவங்கள் வனையலானார். அதன் செய்முறையை 1964-இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் வாங்கி, அவர் செல்லப் பெயரின் முதலெழுத்துக்கள் விளங்க ‘ஃபீமோ’ என்று விற்றது.

களிமண் என்பது பெயரளவில்தான். காற்றில் உலராது, அடுப்பில் ஏறத்தாழ 110 டிகிரி வெப்பத்தில் அரைமணி வைத்தால் இறுகும்.

இக்கலையின் அழகு அரிவதில் இருக்கிறது. பல வண்ணத் திரிகளைப் பூவடிவாக அடுக்கி, ஒரே உருளையாக அழுத்தி நீட்டுவர். வாழைத்தண்டை எங்கே அரிந்தாலும் அதே வளையம் தோன்றுமன்றோ? அதுபோல் ஒவ்வொரு வில்லையிலும் அதே மலர்! கண்ணாடி மணி செய்வோரின் பழைய உத்தி இது.

தொழில் நுட்பத்தைப் பெற்ற மகனுக்கும் மறைப்பாருண்டு. இக்கலைஞரிற் பலர் அவ்வாறன்றி, கற்பிப்பதையே மகிழ்ச்சியாகக் கொண்டனர். அமெரிக்காவில் நான் ரோஷ் அம்மையார் 1991-இல் வெளியிட்ட ‘தி நியூ க்ளே’ என்னும் நூல், உத்திகளை ஒளிவின்றி எடுத்துரைத்து, ஆசிரியரில்லாத ஊர்களிலும் மாணவரை உண்டாக்கிற்று.

வீட்டில் பயில விரும்பும் சகோதரிகளுக்கு ஒன்று: இதற்கெனத் தட்டும் கத்தியும் தனியே வையுங்கள், சமையலுக்கு மீண்டும் எடுக்கலாகாது. அடுப்பின் சூடு மிஞ்சினால் பொருள் கருகி நச்சுப்புகை எழும். சன்னல் திறந்திருக்கட்டும்.