லான்சர், சீடியா, பழைய சிட்டி வி-டெக்: ஷோரூமே இல்லாத ஜப்பான் கார்களை மதுரையில் காப்பாற்றுவது எப்படி?

மிட்சுபிஷி லான்சர், சீடியா, ஹோண்டா சிட்டி வி-டெக், பழைய மாருதி பலேனோ. ஒரு காலத்தில் இந்திய சாலைகளில் 'பறக்கும் வண்டி' என்று பெயர் வாங்கியவை. இன்று இந்த மாடல்கள் எதுவும் உற்பத்தியில் இல்லை. மிட்சுபிஷிக்கு இந்தியாவில் புது கார் விற்பனையே கிடையாது.

இருந்தாலும், டிஎன்-58, டிஎன்-59 நம்பர் பிளேட்டோடு இவற்றில் ஒன்றை வைத்திருப்பவர்கள் அவ்வளவு சீக்கிரம் விற்க மாட்டார்கள். வண்டியை ஓட வைக்க பணம் மட்டும் போதாது, ஆட்கள் வேண்டும். அது ஏன்? பார்க்கலாம்.

ஸ்கைலைன், சுப்ரா ஏன் இங்கே இல்லை?

ஜப்பானிலும் நம்ம ஊர் மாதிரியே ஸ்டியரிங் வலது பக்கம்தான். அப்படியிருந்தும் பழைய நிசான் ஸ்கைலைனையோ டொயோட்டா சுப்ராவையோ கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. பழைய கார் இறக்குமதிக்கான இந்திய விதிப்படி, கார் தயாராகி 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சுங்க வரியும் மிக அதிகம்.

அமெரிக்காவில் கதை நேர்மாறு. 25 ஆண்டு தாண்டிய காரை அங்கே தாராளமாக இறக்கலாம். பக்கத்தில் இலங்கையிலும் ஜப்பானின் பழைய கார்கள் ஏராளம். 2020-இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பிப்ரவரியில் அங்கே மறுபடி தொடங்கியது.

அப்போ, நம்மிடம் இருப்பது எது?

நமக்குக் கிடைத்தது, இந்தியாவிலேயே தயாரான ஜப்பான் கார்கள். அதில் ஒன்று தமிழ்நாட்டுத் தயாரிப்பு. அம்பாசிடர் தயாரித்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1998-இல் திருவள்ளூர் தொழிற்சாலையில் லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. 2006-இல் 2 லிட்டர் பெட்ரோல் என்ஜினோடு சீடியா வந்தது. இந்திய ராலி போட்டிகளில் எம்.ஆர்.எஃப். அணி இறக்கிய கார் இது.

ஹோண்டா சிட்டியின் முதல் தலைமுறையில் வந்த 1.5 வி-டெக், 106 பி.எச்.பி. சக்தி கொண்டது. அந்தக் காலத்து 1.5 லிட்டர் காருக்கு அது பெரிய விஷயம். 1999-இல் வந்த 1.6 லிட்டர் பலேனோ செடான் இன்னொன்று.

பராமரிப்பில் எதைக் கவனிக்கணும்?

* டைமிங் பெல்ட்: இது ரப்பர். கி.மீ. குறைவாக ஓடியிருந்தாலும் வயசு ஆனால் வெடிப்பு விடும். ஓடும்போது அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும். சில என்ஜின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், மாற்றிவிடுவதே நல்லது.

* கூலன்ட்: மதுரை வெயில் கோடையில் 40 டிகிரியைத் தொடும். ரேடியேட்டரில் போர் தண்ணி ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து ரேடியேட்டரை அடைக்கும். ஓவர்ஹீட் ஆனால் அடுத்து ஹெட் கேஸ்கட் போகும். அது பெரிய செலவு.

* என்ஜின் ஆயில்: வி-டெக் வேலை செய்வதே ஆயில் பிரஷரில்தான். என்ஜின் வேகம் ஒரு அளவைத் தாண்டியதும், ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி, வால்வை அதிகமாகத் திறக்க வைக்கும். ஆயில் அழுக்கானால் வழியில் இருக்கும் சின்ன சல்லடை அடைத்துக்கொள்ளும். கார் ஓடும், ஆனால் அந்த 'இழுவை' வராது.

* ரப்பர் புஷ், ஹோஸ்: 20 வருஷ வண்டியில் இவை கல் மாதிரி இறுகியிருக்கும். சஸ்பென்ஷனில் 'டக் டக்' சத்தம் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

பில்டர், பிரேக் பேட் மாதிரி தேய்மானப் பொருட்கள் ஓரளவு கிடைத்துவிடும். பம்பர், ஹெட்லைட், கதவு பீடிங், சென்சார் போன்றவைதான் தலைவலி. மதுரையில் கிடைக்காதபோது பலரும் தேடிப் போவது சென்னை புதுப்பேட்டை. அங்கேயும் பிரித்துப் போட அதே மாடல் வண்டி வந்திருந்தால்தான் பொருள் கிடைக்கும்.

இன்னொரு வழி மலேசியா. லான்சரின் 1.5 பெட்ரோல் என்ஜின் '4ஜி15' குடும்பத்தைச் சேர்ந்தது. மலேசியாவின் புரோட்டான் விராவிலும் அதே குடும்ப என்ஜின் உண்டு. அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்குவதற்கு முன், பார்ட் நம்பரை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கும்.

ஆன்லைனில் தேடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 'பலேனோ' என்று தேடினால் 2015-இல் வந்த ஹேட்ச்பேக்கின் பாகங்கள்தான் கொட்டும். பழைய செடானுக்கு அது பொருந்தாது.

மீட்டப் எதற்கு?

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு, ஞாயிறு காலை நாலு கார்களை வரிசையாக நிறுத்தி போட்டோ எடுப்பது மாதிரித்தான் தெரியும். வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சர்வீஸ் சென்டர், அதுதான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

ஷோரூம் இல்லாத காருக்கு, எந்த மெக்கானிக்கிடம் அந்த என்ஜினைப் பிரித்த அனுபவம் இருக்கிறது, எந்த லேத் பட்டறையில் ஹெட் ஃபேஸிங் சுத்தமாகச் செய்வார்கள் என்ற தகவல்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒருவர் வண்டியை விற்கும்போது மிச்சமிருக்கும் பாகங்கள் இன்னொருவருக்குப் போவதும் இந்தப் பழக்கத்தில்தான். தனியாக வைத்திருப்பவர் ஒரு சென்சாருக்காக மாதக்கணக்கில் வண்டியை மூடி வைக்க நேரும். பத்துப் பேரைத் தெரிந்தவருக்கு ஒரு போன் காலில் வேலை முடியலாம்.

வேகத்தைச் சோதிக்க ரிங் ரோடோ, 7.3 கி.மீ. நீளமுள்ள நத்தம் சாலை மேம்பாலமோ இடம் இல்லை. பொதுச் சாலையில் அனுமதியின்றி ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-இன் கீழ் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேகம் வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை என முறையான ட்ராக்குகள் தமிழ்நாட்டிலேயே உண்டு.

இ20 பெட்ரோல் ஊற்றலாமா?

இப்போது பங்குகளில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார்கள் வடிவமைக்கப்பட்டபோது அந்தக் கலவையே கிடையாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களைப் பாதிக்கலாம். இ20-க்காக வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 6 முதல் 7% வரை குறையலாம் என்று 2021 நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது.

செய்ய வேண்டியது: பெட்ரோல் ஹோஸ்களைச் சோதித்து, தேவைப்பட்டால் புதிதாக மாற்றுங்கள். பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அலட்சியம் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

ஆர்.டி.ஓ. விதிகள் என்ன?

* கார் 15 ஆண்டைத் தாண்டினால், 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி.

* 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000-இலிருந்து 10,000 ரூபாயானது. ஜி.எஸ்.டி. தனி. 2006-இல் வாங்கிய சீடியா, 2026-இல் இந்தக் கோட்டைத் தொடுகிறது.

* டெல்லி தலைநகர் பகுதியில் உள்ள '15 ஆண்டு பெட்ரோல் கார்' கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை. அதனால் அங்கிருந்து மலிவாக வரும் கார்களை வாங்க ஆசை வரும். என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

* ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை பிரிவு 52 தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை விதிக்கலாம். வேறு என்ஜின் பொருத்தினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் கட்டாயம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள்; மேட்டைத் தூக்கி தரையில் துரு இருக்கிறதா பாருங்கள். டிங்கரிங் செலவு பல நேரம் என்ஜின் செலவை மிஞ்சிவிடும். வாங்கும் விலைக்கு மேல் முதல் வருஷ வேலைக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். முடிந்தால், அதே மாடலை ஏற்கனவே வைத்திருக்கும் ஒருவரைக் கூடவே கூட்டிப் போங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடியே!